அட்ஜஸ்ட்

ராஜபாளையத்து நூல் மில்லில் இரண்டு மணிச் சங்கு ஊதி அடங்குகிறது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. அடுத்த ஷிப்டுக்கான ஆள் வரவில்லை. மெஷின் முன்னால் நிற்கும் ஞானபாக்கியத்திடம் சூப்பர்வைசர் வருகிறார். "அடுத்த ஷிப்டையும் செத்த அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." பொறுத்துக்கொள், விட்டுக்கொடு என்று வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்களுக்கு இந்த இங்கிலீஷ் வார்த்தை எவ்வளவு வசதி என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். காலையில் சேத்தூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு அவள் ஒடுங்கி இடம் கொடுத்ததும் இதே வார்த்தைக்குத்தான். மூன்றரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்கு டைப்பிங் பரீட்சை. சேலைக்கு மேல் போட்டிருந்த மில் மேலங்கியைக் கழற்றி, நிதானமாக மடித்து, சூப்பர்வைசர் கையில் வைக்கிறாள். "இன்னைக்கு ஒரு நாள் நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க சார். நான் போறேன்." அவர் வாய் திறப்பதற்குள் மெஷினில் ஓர் இழை அறுந்துபோகிறது. அதை ஒட்ட அவர்தான் குனிகிறார்.