கடைசிக் காட்சிக்கு ஒரு தேதி

சமோவா தீவின் தலைநகர் அப்பியாவில் சனிக்கிழமை முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. கடற்கரையில் எடுக்க வேண்டிய கடைசிக் காட்சி நின்றுபோனது. குறும்படத்தைப் போட்டிக்கு அனுப்ப ஞாயிறு நள்ளிரவுதான் கெடு.

"நாளைக்கு எடுத்துடலாமே?" என்றாள் நடிகை லூப்பே.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கான ஓய்வு நாள், கேமராவத் தூக்கினா ஊர்ச்சபை பத்து பன்னி அபராதம் போடும். நீ குடுப்பியா?" என்றான் கேமராமேன் டவிட்டா. "மூணு மாச உழைப்பு, எல்லாம் போச்சு!"

இயக்குநர் செஃபினா டேப்லெட்டில் படப்பிடிப்பு ஆப்பைத் திறந்து ஏதோ மாற்றினாள். உடனே மற்ற இருவரின் செல்போன்களும் ஒலித்தன.

டவிட்டா சத்தமாகப் படித்தான். "கடைசிக் காட்சி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி." சிரித்துவிட்டான். "அக்கா, சனிக்கிழமைதான் முடியப்போகுதே! மழையில நனைஞ்சு ஆப்புக்கும் ஜுரமா?"

"கீழ வரைக்கும் படிடா, மண்டு! எந்த இடம்னு பாரு."

லூப்பே முந்திக்கொண்டு பார்த்தாள். துள்ளிக் குதித்தாள்.

"பாகோ பாகோ! எங்க அத்தை ஊரு!"

"காலையில ஏழு மணிக்கு விமானம், அரை மணி நேரப் பயணம். சர்வதேசத் தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம், அமெரிக்க சமோவாவுல இருக்கிற ஊரு" என்றாள் செஃபினா, கண்கள் மின்ன. "நாம இங்க ஞாயித்துக்கிழமை ஏறினாலும், அங்க இறங்கறப்போ சனிக்கிழமை காலைதான்!"