விடாத கை

ஆட்டோ ஓட்டும் சூசையின் இடக்கையில் இரண்டு தசைகள் இருந்தன. ஒன்று விரல்களை மடக்கும், மற்றது விரிக்கும். கிளட்சைப் பிடிக்கும்போது ஒன்று இழுக்க, மற்றது தளர்ந்து கொடுக்கும். விடும்போது மாறிக்கொள்ளும். யார் எப்போது இழுக்க வேண்டும் என்று மேலிருந்து நரம்பு வந்து சொல்லும்.

சூசை பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போனதிலிருந்து நரம்பு வரவில்லை. மடக்கும் தசை தன்போக்கில் இறுகிக்கொண்டே போனது.

"கொஞ்சம் தளர்ந்து கொடேன்" என்றது விரிக்கும் தசை.

"தளரச் சொல்லி உத்தரவு வரலையே. நானா எப்படி விடுறது?" என்றது மடக்கும் தசை.

ஒருநாள் காலை மகள் பவுலின் தோளில் பையோடு வந்து நின்றாள். நர்சிங் படிக்க வெளியூர் கிளம்பியிருந்தாள்.

"போயிட்டு வர்றேம்ப்பா" என்று அப்பாவின் இடக்கைக்குள் தன் விரல்களை வைத்தாள். கை இறுக மூடிக்கொண்டது.

"அம்மா, அப்பா என்னை விடமாட்டேங்கிறாரும்மா!"

அப்போதுதான் நரம்பு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "வழியெல்லாம் இடிஞ்சு கிடக்கு. சூசை சொல்றது பாதிதான் காதுல விழுது. 'விடு, பிள்ளை போகட்டும்'னு மேலே கிடந்து கத்துறார்."

விரிக்கும் தசை தன்னால் ஆன மட்டும் இழுத்தது. மடக்கும் தசையும் விடத்தான் பார்த்தது. ஆனால் எப்படி விடுவது என்பது அதற்கு மறந்துபோயிருந்தது. சுண்டுவிரல் மட்டும் லேசாக நடுங்கியது.

பவுலின் அந்த நடுக்கத்தைப் பார்த்தாள். அப்பாவின் கண்ணோரம் வழிந்த நீரையும் பார்த்தாள்.

பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"அழாதப்பா. நான் எங்கேயும் போகலை."