பின்னால் இருந்த கப்பல்

“போன ஞாயித்துக்கிழமை வந்த படம் சார். என் பையன்” என்று போனை நீட்டினாள் தையல்காரம்மா. துறைமுகத்தில் ஓர் இளைஞன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு சரக்குக் கப்பல்.

நூலக மாடியில் நடந்தது அந்த வகுப்பு. இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும் தகவல்களை வைத்தே உண்மையைத் துப்புத் துலக்கச் சொல்லிக்கொடுத்தார் பயிற்சியாளர். இருபது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவர். அன்று ஆளுக்கொரு படம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

“பையனுக்குக் கப்பல்ல வேலை. பேச சிக்னல் இருக்காது, மாசம் ஒரு படம்தான் வரும். படுத்த படுக்கையா கெடக்குற எங்க வீட்டுக்காரரு, இதப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்துட்டு ‘எங்கயோ இடிக்குதே’ன்னுட்டாரு. அதான் கத்துக்க வந்தேன்.”

“மொதல்ல மொகத்தப் பாக்காதீங்கம்மா. பின்னால என்ன இருக்குன்னு பாருங்க.”

கப்பலின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கப்பல்களின் விவரம் இருக்கும் இணையதளத்தை அவர் திறந்து கொடுக்க, ஒற்றை விரலால் அந்தப் பெயரைத் தட்டினாள்.

திரையில் வந்ததைப் பார்த்ததும், ஏன்டா இந்தப் பாடத்தை எடுத்தோம் என்றாகிவிட்டது அவருக்கு. அந்தக் கப்பலை உடைத்து இரும்பாக விற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவள் அழவில்லை. நோட்டில் ‘கப்பல் பெயர்’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

“வேற எத வச்செல்லாம் கண்டுபிடிப்பாங்க சார்?”

“நிழல், கடைப் பலகை, போட்டிருக்கிற துணி... அத விடுங்கம்மா. மனசத் தேத்திக்குங்க. இது பழைய படம். உங்க பையன் உங்ககிட்ட எதையோ மறைக்கிறான்.”

‘துணி’ என்று எழுதி முடித்துவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள்.

“அவனுக்கு மறைக்கத் தெரியாது சார். மூணு வருஷத்துக்கு முன்னாடியே கடல்ல விழுந்து செத்துப்போயிட்டான். சேதி வந்தப்ப எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடந்தாரு. கண்ணு முழிச்சதும் மொத வார்த்தையே ‘பையன் எங்க’ன்னாரு. எனக்குச் சொல்ல வாய் வரல.”

பயிற்சியாளர் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார். “அப்போ மாசாமாசம் படம் அனுப்புறது?”

“நான்தான் சார். அவன் உயிரோட இருந்தப்ப அனுப்புனதுல இன்னும் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருக்கு.”