மூடி மறைக்காமல்

“என் பொண்டாட்டிக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு ஆகட்டும், இந்தக் கடையைக் கொளுத்திட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்!”

கண்ணாடித் தடுப்பில் விழுந்த அடியில் இருமல் மருந்துப் பெட்டிகள் சரிந்தன. வரிசையில் நின்றவர்கள் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார்கள். கவுன்ட்டர் பொறுப்பாளருக்கு மட்டும் ஒதுங்க இடமில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் மருந்து அலமாரி.

வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் கடை அது. வாடிக்கையாளர்களின் பெயர், விலாசம், போன் நம்பர், யார் எதற்கு மாத்திரை விழுங்குகிறார்கள் என்பது வரைக்கும் எவனோ கம்ப்யூட்டரிலிருந்து வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். விஷயம் வெளியே தெரிந்து, காலையிலிருந்து ஊரே வந்து அவளைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தது.

முதலாளியோ உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “எதுவும் திருடு போகலை, மெஷின் ரிப்பேர்னு சொல்லு. வேற ஏதாவது உளறினே, நாளைக்கு வேலைக்கு வராதே” என்பது அவர் உத்தரவு. கடையின் பெயர் கெட்டுவிடக் கூடாதாம். ஊர் சனத்தின் வியாதியெல்லாம் சந்தி சிரிப்பது பற்றி மகானுபாவருக்குக் கவலையே கிடையாது.

“மெஷின் ரிப்பேர் சார்...” என்று மென்று விழுங்கினாள்.

“யார்கிட்டம்மா கதை விடுறே? கண்ட கண்ட பயலெல்லாம் அவளுக்குப் போன் பண்றான். பாவம், தனியா இருக்கிறவ. கதவைத் திறக்கவே பயந்து சாகுறா தெரியுமா?”

அவளுக்குச் சுருக்கென்றது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒருத்தியை நினைத்துப் பார்த்தாள். போயும் போயும் அந்த உள்ளறை மனுஷனுக்காகவா நான் பொய் சொல்ல வேண்டும் என்று ஆத்திரம் பொங்கியது.

“உங்க வீட்டம்மா பேரைச் சொல்லுங்க சார், பார்க்கிறேன்.”

சொன்னார்.

“பதிவு பண்ணின போன் நம்பர்?”

அது கடையின் வழக்கம். நம்பர் சொல்லாதவர்களுக்குத் தலைவலி மாத்திரை பார்சலைக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

“அடி சக்கை! ஊருக்கெல்லாம் அவ நம்பரைத் தூக்கிக் கொடுத்துட்டு, இப்போ என்கிட்டயே நம்பர் கேக்குறீங்களா?”

“அதானே!” என்றது வரிசை. “வெட்கங்கெட்ட கடை!” என்று பின்னாலிருந்து ஒரு பெண்மணி காறித் துப்பாத குறையாகச் சொன்னாள். பொறுப்பாளர் கூனிக் குறுகிப் போனாள். கேட்டது தப்புதான் என்று அவளுக்கே பட்டது.

உள்ளறைக் கதவு லேசாகத் திறந்து முதலாளியின் தலை எட்டிப் பார்த்தது. “என்ன அங்கே சத்தம்? ரிப்பேர்னு சொல்லி அனுப்ப வேண்டியதுதானே?”

“நீங்க உள்ளே போங்க சார்!”

அவள் போட்ட போட்டில் தலை காணாமல் போயிற்று.

“நான் மறைக்க மாட்டேன் சார். அவங்க நம்பர் போயிருக்கு. தூக்க மாத்திரை வாங்கின விவரம் போயிருக்கு. விலாசமும் போயிருக்கு.”

“எந்த விலாசம்?”

“ரெண்டும்தான். பழசும், இப்போ புதுசா மாத்தினதும்.”

“புதுசு எப்படிப் பதிவாகியிருக்கு? காட்டு.”

திரையை அவர் பக்கம் திருப்பினாள். உதடுகள் அசைய ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துக்கொண்டார். அவ்வளவு நேரம் ஆடிய ஆட்டம் பொசுக்கென்று அடங்கிவிட்டது.

“இந்தக் கடையில நீ ஒருத்திதாம்மா மனுஷி” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு யானை பலம் வந்துவிட்டது. அவர்களாக வந்து கத்தும்வரை காத்திருப்பது என்ன நியாயம்? விவரம் பறிபோன ஒவ்வொருவரையும் கடையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று போனை எடுத்தாள். முதல் ஆளாக, திரையில் இருந்த அந்த மனைவியின் நம்பரையே அழுத்தினாள்.

“அம்மா, மருந்துக் கடையிலேருந்து பேசுறேன். உங்க விவரமெல்லாம் எங்ககிட்டேருந்து திருடு போயிடுச்சு. எங்க தப்புதான், மன்னிச்சுடுங்க. ஆனா நீங்க இனிமே பயப்பட வேண்டாம். உங்க வீட்டுக்காரர் நேர்லயே வந்துட்டார். புது விலாசம் உள்பட எல்லாத்தையும் மறைக்காமக் காட்டிட்டேன். இந்நேரம் அங்கேதான் வந்துட்டிருப்பார்.”

எதிர்முனையில் நாற்காலி ஒன்று தடாலென்று விழும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

“அந்த ஆளுக்குப் பயந்துதாங்க நான் வீடே மாத்தினேன்!”