முதல் தாம்பூலம்

மாணிக்கம்மாள் தாம்பூலத் தட்டை நீட்டியதும் பொறியாளர் ஜெரால்டுக்கு வியர்த்துவிட்டது. ஆபீஸ் ஃபேன் என்னவோ தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

“புது வூட்டுக்குப் பால் காய்ச்சுறோம் சார். தை பொறந்து ரெண்டாஞ் செவ்வாய்க்கிழமை, காலையில. நீங்களும் வூட்டம்மாவும் அவசியம் வந்துடணும். மொத தாம்பூலமே உங்களுக்குத்தான்.”

“எந்த வீட்டுக்கும்மா?”

“நீங்க கட்டிக்கினு இருக்கீங்களே, அந்த வூட்டுக்குத்தான் சார்.”

நெய்வேலியிலிருந்து குறிஞ்சிப்பாடி போகிற வழியில், குறைந்த விலை வீடுகளாக அரசாங்கம் கட்டிவரும் அடுக்குமாடி அது. தளம் போட்டு மூன்று மழை பார்த்துவிட்டது. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. காக்கைகள் மட்டும் யாரையும் கேட்காமல் குடிவந்துவிட்டன.

வீடு ஒதுக்கப்பட்டவர்கள் யார் வந்து கேட்டாலும் ஜெரால்டு “புராசஸ்ல இருக்கு” என்பார். அதில் பொய்யில்லை. கதவு போடச் சுவர்ப்பூச்சு முடிய வேண்டும், பூச்சு முடிய ஒயர் குழாய் பதிக்க வேண்டும், அதை மின்சாரத்துக்காரர்கள் வந்து பார்க்க வேண்டும், அவர்களைக் கூப்பிட ஜெரால்டு கையெழுத்துப் போட வேண்டும். ஜெரால்டோ கதவு எப்போது வரும் என்று காத்திருந்தார்.

இப்போதும் அதையேதான் சொல்ல வாயைத் திறந்தார். மாணிக்கம்மாள் முந்திக்கொண்டார்.

“மருமவ சரிதாவுக்கு இது ஆறாம் மாசம் சார். பையன் மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டு லேபர். இப்ப இருக்குற வாடகை வூட்டுல கூரை ஷீட்டு கட்டிலுக்கு மேலயே ஒழுவுது. பச்சப்புள்ளைய அங்க கொண்டாந்து போட மனசு வரல.”

வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்தவரிடம் ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது? ஜெரால்டு சர்ச்சுக்குப் போகிற ஆள்தான் என்றாலும் அந்த அளவுக்கு ஊர்ப்பழக்கம் தெரியும். கை தானாக நீண்டு தாம்பூலத்தை எடுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

“ஐயோ பாவம்ங்க! சொந்தபந்தமெல்லாம் வந்து நிக்கும். கதவு இல்லாத வீட்டுல அந்தம்மா எப்படிப் பால் காய்ச்சுவாங்க?”

ஸ்டெல்லாவுக்குச் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பெர்மனன்ட் ஆனதும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் தானாக வந்தது, வாசலில் மாமரத்தோடு. மனைவி தயவில் மாமர நிழலில் இருந்துகொண்டு அடுத்தவர் வீட்டை இழுத்தடிப்பது ஜெரால்டுக்கு அன்றைக்குத்தான் உறுத்தியது.

மறுநாள் மின்சாரத்துக்காரர், தண்ணீர்க்காரர், காண்ட்ராக்டர் சந்தியாகு எல்லாரையும் கட்டடத்துக்கே வரவழைத்துவிட்டார்.

“மேசைக்கு மேசை பேப்பர் நடந்தது போதும். இங்கயே பாருங்க, இங்கயே குறை சொல்லுங்க, நான் இங்கயே கையெழுத்துப் போடுறேன்.”

சந்தியாகு தலையைச் சொறிந்தார். “பூச்சு முடிஞ்சதும் கதவுக்குச் சொல்லலாம்னு இருந்தேன் சார்.”

“கதவு பட்டறையில ஆவப் போவுது, பூச்சு இங்க ஆவப் போவுது. ரெண்டும் சண்டையா போட்டுக்கப் போவுது? சேத்தே ஆரம்பிங்க. அந்தம்மா பால் காய்ச்சுறாங்க.”

“என்னைக்கு சார்?” என்று கேட்டார் மேற்பார்வையாளர் சிவசங்கர்.

“தையில ரெண்டாவது செவ்வாய்க்கிழமை.”

சிவசங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, “நல்லது சார்” என்று டேப்பை எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டார்.

அதன் பிறகு அங்கே நடந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. மாணிக்கம்மாள் வீட்டுக்கு மட்டும் தனியாகக் கரண்ட் இழுக்க முடியாது, தனியாகத் தண்ணீர் ஏற்றவும் முடியாது. அதனால் மொத்த ப்ளாக்குக்கும் வந்து சேர்ந்தது. வேலை எங்கே தேங்கினாலும் ஜெரால்டு போய் நின்று, “அந்தம்மா பால் காய்ச்சுறாங்கய்யா” என்பார். அதற்கு மேல் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மனிதர் பாதியாய் இளைத்துப்போனார்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். காக்கைகள் காலி செய்தன. குறித்த செவ்வாய்க்கு முந்தின நாள் எல்லாக் குடும்பங்களுக்கும் சாவி கொடுத்தாகிவிட்டது. சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மாணிக்கம்மாள் அழுதுவிட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் ஜெரால்டு தேதி தவறாமல் முடித்த முதல் கட்டடம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டெல்லா பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். ஜெரால்டு பரிசாக ஒரு பால் குக்கர் வாங்கி, ரிப்பன் சுற்றி எடுத்துக்கொண்டார். நேரம் தவறிவிடக் கூடாதே என்று வண்டியை விரட்டிக்கொண்டு போனார்கள்.

வாசலில் மாவிலை இல்லை. கோலம் இல்லை. சொந்தபந்தம் என்று ஒரு தலையும் தெரியவில்லை. உள்ளே மாணிக்கம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சரிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஜெரால்டு வாட்சைப் பார்த்தார். “என்னம்மா, லேட்டாயிட்டோமா? பால் காய்ச்சி முடிச்சிட்டீங்களா?”

மாணிக்கம்மாள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பால் குக்கரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“செவ்வாய்க்கிழமையில யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா சார்? அதுக்கு இனிமேதான் நாள் பாக்கணும்!”