மூன்றாவது குழி

சரிவில் இறங்குமுன் பனியில் குழி தோண்டி, உள்ளே பனியை ஒரு தூணாக அறுத்து, பனிச்சரிவு வருமா என்று அதன் தலையில் மண்வாரியால் தட்டிப் பார்ப்பது ரோந்துக்காரர்களின் வழக்கம். முப்பது தட்டு தாங்கினால் போகலாம். முதல் தூண் நாலாவது தட்டில் சரிந்தது. பருவத்தின் முதல் பனி அடியில் சர்க்கரையாக உதிர்ந்தது. இரண்டாவது தூண் ஆறோடு விழுந்தது.

“சரிவுக்கு அந்தப் பக்கம் போஸ்ட்ல ரெண்டு பேரு மண்ணெண்ணெ இல்லாம வெறச்சுக் கெடக்கானுவ. இன்னொண்ணு தோண்டிப் பாப்பம்லே,” என்றான் பூவலிங்கம்.

மூன்றாவது தூண் முப்பதையும் தாங்கியது.

“இதையே எழுதிக்கோ,” என்றான் கூட வந்த இருதயராஜிடம்.

பூவலிங்கம் மண்ணெண்ணெய் டின்னை முதுகில் கட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டைகளில் இறங்கினான். ஒருவர் கடந்த பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும். நடுவில் நிற்கவே கூடாது. இருதயராஜ் கரையில் காத்திருந்தான். சும்மா நின்றவன் மூன்றாவது குழியின் சுவரைப் பார்த்தான். முழங்கால் ஆழத்தில், வெள்ளைக்கு நடுவே, தேயிலைச் சக்கை பழுப்பாகப் படிந்திருந்தது. போன வாரம் எட்டுப் பேர் கூடாரமடித்து, மூன்று நாள் மிதித்து இறுக்கிய இடம். புதுப்பனி அதை மூடியிருந்தது.

இருதயராஜ் வாயைத் திறந்தான். பூவலிங்கம் அப்போது சரிவின் நட்டநடுவில் இருந்தான். கூப்பிட்டால் நின்று திரும்பிப் பார்ப்பான்.