மூச்சு வாங்கும் கார்

நர்ஸ் இசைவாணி ஒரு பழைய கார் வாங்கினாள். கல்வராயன் மலையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக இனி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே குறை, மேடு ஏறும்போது மட்டும் யாரோ மூச்சு வாங்குவதுபோல் முன்பக்கமிருந்து ஒரு சத்தம்.

கள்ளக்குறிச்சி மெக்கானிக் வீரமணி என்னென்னவோ மாற்றிப் பார்த்தான். சத்தம் போகவில்லை. கடைசியில் இஞ்சினையே கழற்றித் தரையில் இறக்கினான். இடைஞ்சலாக நின்ற வண்டியை இருவருமாக ஷெட்டின் சரிவில் மேலே தள்ளினார்கள். பானட்டுக்குள் இருந்த வெற்றிடம் மூச்சு வாங்கியது.

வீரமணி கையை எடுத்துவிட்டான். "இஞ்சின் கீழ கீதுங்க. அப்ப இது இன்னாங்க? பேசாம வித்துடுங்க மேடம்."

இசைவாணி குனிந்து காது கொடுத்துக் கேட்டாள். அவளுக்கு ஏனோ பாவமாக இருந்தது.

"மேடு ஏறினா எனக்குந்தான் மூச்சு வாங்குது. இஞ்சின மாட்டிக் குடுங்க," என்றாள்.

மறுநாள் காலை பாதி மலையில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்தாள். நோயாளியின் முதுகைத் தடவுவதுபோல் பானட்டைத் தடவிக்கொடுத்தாள். நிழலில் உட்கார்ந்து நிதானமாக இட்லி சாப்பிட்டாள். இரைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. முழுசாக அடங்கியதும், மீதி ஏற்றத்துக்குக் கிளம்பினாள்.